கோடி டிகிரி கோபம்!

படூர் பஸ் ஸ்டாப். உச்சி வெயில். ஓ.எம்.ஆர். தார் ரோடு தகதகக்குது. கர்ச்சீஃப்பைத் தலையில போட்டுக்கிட்டு, 'என்னா வெயிலுடா சாமி!'னு புலம்புறீங்களா? பாஸ், இது சூரியன் சாந்தமா இருக்கிறப்ப. கோபம் வந்தா?

சூரியனோட மேற்பரப்பு வெப்பம் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். ஆனா, 'சோலார் ஃப்ளேர்' எனும் சூரிய வெடிப்பு நடக்கிறப்ப, அங்கே பிளாஸ்மா சில நிமிஷத்துல ஒரு கோடி டிகிரியைத் தாண்டிடும். அணுக்கள் உடைஞ்சு அயனியும் எலெக்ட்ரானுமா திரியுற நிலைதான் பிளாஸ்மா.

சரி, இதுக்கு அடுப்பு எது? காந்தம்! சூரியனோட காந்தக் கோடுகள் ரப்பர் பேண்ட் மாதிரி முறுக்கேறிக்கிட்டே இருக்கும். ஒரு கட்டத்துல பட்டுனு அறுந்து வேற மாதிரி ஒட்டிக்கும். அதுல சேர்ந்திருந்த சக்தி மொத்தமும் வெளியே! எலெக்ட்ரான்கள் தலைதெறிக்கக் கீழே பாய்ஞ்சு, அடர்த்தியான நிறமண்டலத்துல மோதும். அந்தச் சூட்டுல பிளாஸ்மா பால் மாதிரி மேலே பொங்கும். மோதுற வேகத்துல வன் எக்ஸ் கதிர், பொங்கினதுல இருந்து மென் எக்ஸ் கதிர்.

இரண்டையும் பார்க்க நம்மகிட்டயே ஆள் இருக்கு. 2023 செப்டம்பர் 2-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பிய ஆதித்யா எல்-1! முதலாவதுக்கு 'ஹீலியோஸ்', இரண்டாவதுக்கு 'சோலெக்ஸ்' கருவி. திட்ட இயக்குநரா இருந்த நிகார் ஷாஜி, நம்ம செங்கோட்டைக்காரர். அரசுப் பள்ளியில படிச்சவர்.

இதுல ஒரு புதிரும் உண்டு. வெடிப்பு நேரத்துல சூரிய நிறமாலைக் கோடுகள், கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட அகலமா தெரிஞ்சது. 1970-கள்ல இருந்து இது தலைவலி. 'பிளாஸ்மாவோட கொந்தளிப்புதான் காரணம்'னு பலரும் நினைச்சாங்க. 2025 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரஸ்ஸல் குழு வேற பதில் சொன்னது. எலெக்ட்ரானும் அயனியும் ஒரே சூட்டுல இருக்கும்னு நினைச்சதே தப்பு. அயனிகள் சுமார் 6.5 மடங்கு அதிகமா சூடாகும். அதாவது, 6 கோடி டிகிரிக்கும் மேல! சூடான அயனி வேகமா ஓடும், கோடும் அகலமாகும்.

இது சரியா, தப்பா? இனிமேல்தான் சோதிச்சுப் பார்க்கணும். ஆதித்யா அனுப்புற தரவுகளை இஸ்ரோ 'பிரதான்' இணையதளத்துல இலவசமாவே தருது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு கிடைக்கலைனு இனி யாராவது சொல்வீங்க?