மண்ணோடு படரும் தண்டுகள் – 9: நெருக்கத்தில் தவிக்கும் தாடி ஐரிஸ்

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வசந்தகாலத் தோட்டங்களை நிறைக்கும் தாடி ஐரிஸ், தொங்கும் இதழ்கள் மூன்றின் நடுவிலும் அடர்ந்த மயிர்வரிசை கொண்ட பூச்செடியாகும். இத்தொடரில் முன்னர் பார்த்த இஞ்சியைப் போல இதற்கும் மட்டநிலத் தண்டு உண்டு. அதாவது, உணவைச் சேமித்து வைத்துக்கொண்டு கிடைமட்டமாக நீளும் தண்டு. ஆனால் இஞ்சி மண்ணுக்குள் புதைந்து வளர, ஐரிஸின் தண்டோ மண்ணின் மேற்பரப்பிலேயே, முதுகில் வெயில் படும்படி கிடக்கும்போதுதான் செழிக்கிறது.

இச்செடியின் நெருக்கத்துக்குக் காரணம் அதன் வளர்ச்சி முறையிலேயே இருக்கிறது. தண்டின் நுனிமொட்டு பூக்காம்பாக உயர்ந்ததும் அத்தண்டின் நீட்சி முடிந்துவிடுகிறது. ஒருமுறை பூத்த தண்டு மறுபடி பூப்பதில்லை. அதன் பக்கமொட்டுகளிலிருந்து புதிய தண்டுகள் கிளைத்து, அவை தத்தம் முறை வரும்போது பூத்து ஓய, மூன்று நான்கு ஆண்டுகளில் நடுவே இலையற்ற பழந்தண்டுகள் குவிந்தும், சுற்றிலும் இளந்தண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியும் கிடக்கும். பூ குறைவதைக் கண்டு உரம் போதவில்லை என்று கருதுவோர் பலர். ஆனால் தழைச்சத்தை மிகுதியாக இட்டால் இலைகள் மென்மையாகக் கொழுத்து, அழுகலுக்குத்தான் வழி பிறக்கும். தேவைப்படுவது உரமன்று, இடமே. கொத்தைத் தோண்டிப் பிரித்து நட்டால் அது கிடைக்கும்.

பிரித்து நடுவதற்கு வேறொரு பெரும் பயனும் உண்டு. விதையிலிருந்து முளைக்கும் ஐரிஸ் தாய்ச்செடியின் நிறத்தையும் வடிவத்தையும் அப்படியே கொண்டிருப்பதில்லை. ஆகவே பெயரிடப்பட்ட ரகம் எதுவாயினும், முதலில் முளைத்த ஒற்றை நாற்றின் தண்டைப் பிரித்துப் பிரித்து நட்டே காக்கப்பட்டு வருகிறது. பிரான்ஸின் ஐரிஸ் வளர்ப்பாளர் லெமோன் 1840இல் அறிமுகப்படுத்திய ஹொனொராபிலே என்ற ரகம் இன்றும் பூக்கிறதென்றால், ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாக எவரேனும் அதைத் தோண்டிப் பிரித்து நட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்று பொருள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மான்ட்கிளேர் நகரில் 1927இல் அமைக்கப்பட்ட பிரெஸ்பி நினைவு ஐரிஸ் தோட்டத்தின் பழைய ரகங்களும் இந்தக் கைப்பணியாலேயே நிலைத்திருக்கின்றன.

பூ முடிந்து ஆறு முதல் எட்டு வாரங்களில், செடி அரைத்துயிலில் இருக்கும் கோடைப்பருவமே பிரித்து நடுவதற்கு ஏற்றது. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் அது ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அமைகிறது. அப்போது நட்டால்தான் உறைபனி வருமுன் புதிய வேர்கள் ஊன்றிக்கொள்ளும். கொத்து முழுவதையும் தண்டுகள் வெட்டுப்படாமல் தோண்டி எடுத்து, மண்ணை நீக்கி, இணைப்புகளில் உடைத்தோ கூரிய கத்தியால் அறுத்தோ பிரிக்க வேண்டும். விசிறிபோல் விரிந்த ஓர் இலைத்தொகுதியும் நல்ல வேர்களும் கொண்ட, அழுத்தினால் அமுங்காத இளந்தண்டே நடுவதற்கு உரியது. பழைய தாய்த்தண்டைத் தயங்காமல் கழித்துவிடலாம்.

தோண்டிய தண்டை இந்த நேரத்தில் நிதானமாகப் புரட்டிப் பார்ப்பது மிக அவசியம். கிழக்கு அமெரிக்காவில் ஐரிஸ் துளைப்பான் என்னும் அந்துப்பூச்சி, இலையுதிர்காலத்தில் வாடிய இலைகளில் முட்டையிடுகிறது. வசந்தத்தில் வெளிவரும் புழு இலையைக் குடைந்து இறங்கி, கோடை நடுவில் தண்டுக்குள் புகுந்து, இளஞ்சிவப்பு நிறத்தில் தடித்து வளர்கிறது. அது குடைந்த புண் வழியே பாக்டீரியா நுழைந்தால் தண்டின் உட்பகுதி கூழாகி, தாங்க முடியாத நாற்றம் வீசும். புழுவைக் கொன்று, அழுகிய பகுதியை வெள்ளையான உறுதியான சதை தெரியும்வரை வெட்டியெறிந்து, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் கலந்த கரைசலில் தண்டை நனைத்தெடுத்து, வெட்டுவாய் காயும்வரை நிழலில் உலர்த்த வேண்டும். வெட்டும் கத்தியையும் அதே கரைசலில் அவ்வப்போது துடைக்காவிட்டால் நோய் அடுத்த தண்டுக்குத் தாவிவிடும்.

வேர் ஊன்றாத செடி காற்றில் சாயாமலும், நீரை மிகுதியாக இழக்காமலும் இருக்க இலைகளை ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கத்தரிப்பது வழக்கம். பின்னர், நீர் தேங்காததும் நாளுக்கு ஆறு மணி நேரமேனும் வெயில் விழுவதுமான இடத்தில் குழி எடுத்து, நடுவில் சிறு மண்மேடு கட்டி, அதன்மேல் தண்டை வைத்து, வேர்களை இருபுறமும் சரியவிட்டு மண்ணை அணைக்க வேண்டும். தண்டின் முதுகு வெளியே தெரிய வேண்டும். வெயில் கடுமையான பகுதிகளில் மட்டும் அதன்மேல் மெல்லிய மண்போர்வை போதும். ஆழப் புதைப்பதே பூக்காமைக்கும் அழுகலுக்கும் மிகப் பொதுவான காரணம். செடிக்குச் செடி 30 முதல் 60 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, ஒருமுறை நன்றாக நீர் ஊற்றிய பின் மண் காய்ந்தால் மட்டும் ஊற்றினால் போதும்.

இவ்வாறு நட்டவை அனைத்தும் அடுத்த வசந்தத்திலேயே பூத்துவிடுவதில்லை. பல, இரண்டாம் வசந்தத்தில்தான் முழுமையாகப் பூக்கின்றன. முதலாண்டில் பூ காணாத செடியைத் தோண்டிப் பார்க்காமலும் இடம் மாற்றாமலும் விட்டுவைக்க வேண்டும்.

(தொடரும்)