116 வெற்றி கண்ட அணியைச் சாய்த்த 'அடிக்கத் தெரியாதவர்கள்': 1906-ல் சிகாகோவில் என்ன நடந்தது?

ஒரே ஊர், இரண்டு அணிகள், ஒரு கோப்பை. 1906-ம் ஆண்டு அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான 'வேர்ல்டு சீரிஸ்' இப்படித்தான் அமைந்தது. ஒரே நகரத்து அணிகள் இரண்டும் அதில் மோதியது அதுவே முதல்முறை.

யார் யார்?

மேற்கு சிகாகோவின் அணி கப்ஸ். அந்த சீசனில் 116 வெற்றி, 36 தோல்வி. 2001-ல் சியாட்டில் மரைனர்ஸும் 116-ஐத் தொட்டது. ஆனால், அதற்கு 10 ஆட்டங்கள் கூடுதலாகத் தேவைப்பட்டன.

தெற்கு சிகாகோவின் ஒயிட் சாக்ஸ் அப்படியே நேர்மாறு. அமெரிக்கன் லீகிலேயே பேட்டிங் சராசரியில் கடைசி இடம். சீசன் முழுக்க அடித்த ஹோம் ரன் வெறும் 7! 'அடிக்கத் தெரியாத அதிசயங்கள்' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்புறம் எப்படி இறுதிக்கு வந்தார்கள்?

பதில் அந்தக் கால ஆட்டமுறையில் இருக்கிறது. அப்போது பந்தை அடிக்கடி மாற்ற மாட்டார்கள். அழுக்கேறி, மெத்தென்று ஆகிவிடும், தூரமாகப் பறக்காது. பந்தில் எச்சில் தடவி வீசுவதற்கும் தடை இல்லை. அந்தத் தடை 1920-ல்தான் வந்தது. ஆக, பிட்சர்களின் ராஜ்ஜியம். ஒன்றிரண்டு ரன் எடுத்து, அதைக் காப்பாற்றினாலே போதும். ஒயிட் சாக்ஸுக்கு அது கைவந்த கலை.

அக்டோபர் 9: முதல் ஆட்டம்

கடும் குளிர், லேசான பனித்தூறல். கப்ஸ் மைதானத்தில் பந்து வீசியவர் மோர்டிகாய் பிரவுன். சிறுவயதில் பண்ணை இயந்திரத்தில் சிக்கி வலது ஆள்காட்டி விரலின் பெரும்பகுதியை இழந்தவர். அந்தக் கையால் அவர் வீசிய பந்து விசித்திரமாக வளைந்து, பேட்டர்களைத் திணறடித்தது.

ஒயிட் சாக்ஸுக்கோ தலைவலி. முக்கிய வீரர் ஜார்ஜ் டேவிஸுக்கு உடல்நலமில்லை. அணியை மாற்றியமைத்ததில் மாற்று ஆட்டக்காரர் ஜார்ஜ் ரோஹிக்கு இடம் கிடைத்தது. ஐந்தாவது இன்னிங்ஸில் அந்த ரோஹிதான் பந்தை விரட்டிவிட்டு மூன்றாவது பேஸ் வரை ஓடினார். முதல் ரன்னும் அவருடையதே. இரு அணிக்கும் தலா 4 ஹிட் மட்டும். முடிவு: ஒயிட் சாக்ஸ் 2, கப்ஸ் 1.

மூன்றாவது ஆட்டத்திலும் ரோஹியேதான்! மூன்று பேஸிலும் ஆள் நிற்க, ஒரே அடியில் மூவரையும் வீட்டுக்கு அனுப்பினார். 3-0. எதிரணியில் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்த எட் வால்ஷ், அந்த ரன்களே போதும் என்று ஆக்கிவிட்டார்.

கடைசியில்?

நான்காவது ஆட்டத்தில் பிரவுன் பழிதீர்த்தார். ஆனால், நடுவில் ஒரே நாள் இடைவெளி விட்டு அக்டோபர் 14-ல் அவரை மீண்டும் களமிறக்கியது கப்ஸ். களைத்த கை தாங்கவில்லை. இரண்டாவது இன்னிங்ஸிலேயே வெளியேறினார். 8-3 என வென்று, தொடரையும் 4-2 எனக் கைப்பற்றியது ஒயிட் சாக்ஸ்.

கப்ஸ் சும்மா இருக்கவில்லை. 1907, 1908 இரண்டு ஆண்டும் சாம்பியன். அடுத்த கோப்பைக்கு 2016 வரை காத்திருந்தது தனிக்கதை. ரோஹிக்கோ 1907-தான் பெரிய லீகில் கடைசி சீசன். ஆனால், சீசன் முழுக்க அசைக்க முடியாத அணியையும் ஆறே ஆட்டங்களில் அசைக்கலாம் என்று காட்டியதில், பெஞ்சில் இருந்து வந்த அவருக்குப் பெரிய பங்கு உண்டு.