இரு வண்டிகளுக்கு இடையே ஒரு பகல்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

"கெட்டும் பட்டணம் சேர்" என்பது பழமொழி. இன்று கெடாதவர்களும் பட்டணம் வருகிறார்கள். ஆனால் சேர்வதற்கு அன்று, கடந்து போவதற்கு! தெற்கேயிருந்து வரும் குடும்பம் காலையில் எழும்பூரில் இறங்குகிறது. வடக்கே செல்லும் வண்டி மாலையில் சென்ட்ரலிலிருந்து புறப்படுகிறது. இடையில் ஒரு முழுப் பகல். கையில் பெட்டிகள், இடுப்பில் குழந்தை, தலைக்கு மேல் மே மாத வெயில். இந்தப் பகலை எவ்வாறு கழிப்பது?

விடுமுறை நாள்களில் நம் மாணவ நண்பர்களின் வீடுகளிலும், ஆசிரியப் பெருமக்களின் இல்லங்களிலும் இக்கேள்வி எழாமல் இராது. ஒருமுறை தோற்று, மறுமுறை ஓரளவு வென்றவன் என்னும் தகுதியில் நான் கற்றதை இங்கே கூற முனைகிறேன்.

தோற்ற கதை

சென்ற ஆண்டு தென்காசியிலிருந்து என் பெரியம்மா மகள், அத்தான், அவர்களுடைய இரு பிள்ளைகள் ஆகியோர் ஐதராபாத் செல்லும் வழியில் சென்னையில் இறங்கினர். மூத்தவளுக்கு ஆறு வயது, இளையவனுக்கு மூன்று. "எங்கே போகலாம், அக்கா?" என்று கேட்டேன். "மெரினா, வண்டலூர், பெரிய கடைவீதி எதுவானாலும் சரி. உங்க பக்கம் மட்டும் வேண்டாம். அங்க பாக்கதுக்கு என்னல இருக்கு?" என்றார் அக்கா. அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. திரைப்படத்தில் பார்த்த வடசென்னைதான் அவர் அறிந்த வடசென்னை. இருந்தாலும் அந்தச் சொல் என் நெஞ்சில் தைத்தது.

ஒன்பது இடங்கள் கொண்ட பட்டியல் ஒன்று எழுதினேன். மூன்றைத்தான் பார்த்தோம். பகல் ஒரு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் சிறுவன் வாந்தி எடுத்தான், உடம்பு கொதித்தது. மருந்துக் கடை வாசலில் அமர்ந்து, ஈரத் துணியால் அவனைத் துடைத்துத் தேற்றுவதற்குள் மணி மூன்றாகிவிட்டது. மாலை வண்டியை ஓடித்தான் பிடித்தோம். வண்டி நகர்ந்தபோது அக்கா சன்னல் வழியே கை காட்டினார், முகத்தில் சிரிப்பில்லை.

முதலில் கழித்தல் கணக்கு

எங்கே தவறினோம் என்று அன்றிரவே தாளில் எழுதிப் பார்த்தேன். காலை ஆறரைக்கு இறங்கி மாலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் கையில் இருப்பது பதினொன்றரை மணி நேரம். பெட்டிகளை ஒப்படைக்க ஒரு மணி, குளித்துச் சிற்றுண்டி முடிக்க ஒரு மணி, மதிய உணவுக்கு ஒரு மணி, பிள்ளைகள் உறங்கி ஓய்வெடுக்க மூன்று மணி, போக்குவரத்துக்கு இரண்டு மணி, வண்டி புறப்படுமுன் நிலையத்தில் இருக்க ஒரு மணி. ஆக ஒன்பது. எஞ்சுவது இரண்டரை மணி நேரமே! இரண்டரை மணியில் ஒன்பது இடம் பார்க்க முனைந்த பேதைமையை என்னென்பது?

ஆகவே முதல் விதி இது: இடங்களைக் கூட்டுமுன் நேரத்தைக் கழியுங்கள். எஞ்சியதை முக்கால் மணித் துண்டுகளாக வெட்டினால் மூன்று, மிஞ்சினால் நான்கு இடங்கள். அவையும் ஒரே திசையில், ஒரே இருப்புப்பாதையை ஒட்டி இருக்க வேண்டும். ஊரை ஊடறுத்துப் போனால் பிள்ளைகள் காண்பது ஊரை அன்று, போக்குவரத்து விளக்குகளைத்தான்.

வெயிலின் நேரப் பட்டியல்

இரண்டாவது விதி வெயிலைப் பற்றியது. இங்கே நாம் வகுப்பில் படித்த இயற்பியல் கைகொடுக்கிறது. ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 4.2 ஜூல் வெப்பம் தேவை. உலர்ந்த மணலுக்கோ 0.8 ஜூல் அளவே போதும். ஆதலால் காலை வெயிலில் தரை விரைவாகச் சூடேறுகிறது. கடல் குளிர்ந்தே இருக்கிறது. தரையின் மேலுள்ள காற்று சூடாகி மேலெழ, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. அதுவே கடற்காற்று. மே, ஜூன் மாதங்களில் மேற்குக் காற்று வலுத்திருக்கும் நாள்களில் இது பிந்தி வரும். அத்தகைய நாள்களில்தான் சென்னையின் வெயில் 40 பாகையைத் தாண்டுகிறது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? முற்பகல் பதினொரு மணியிலிருந்து பிற்பகல் மூன்றரை வரை பிள்ளைகளை வெளியே நிறுத்தலாகாது. தென்காசிப் பிள்ளைகளுக்கு நம் கடற்கரைப் புழுக்கமும் புதிது. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாவதில்லை. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விப்பதுமில்லை. ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலைதட்டி, கரைத்து எடுத்துச் செல்லுங்கள். தாகம் எடுக்குமுன்னரே மடக்கு மடக்காகக் கொடுங்கள். சென்ற ஆண்டு இந்த ஒரு புட்டி என் கையில் இருந்திருந்தால் சிறுவன் துவண்டிருக்க மாட்டான்.

இம்முறை வடக்கு நோக்கி

இவ்வாண்டும் அவர்கள் வந்தனர். "இந்தத் தடவை என் பேச்சைக் கேளுங்கள், அக்கா" என்றேன். அத்தான், "விடு, அவன் ஊரை அவன் காட்டட்டும்" என்று இடம் கொடுத்தார்.

எழும்பூரிலிருந்து மின்சார வண்டியில் பூங்கா நிலையம்; எதிரே சென்ட்ரல். அங்குள்ள கிளாக் ரூமில் பெட்டிகளை ஒப்படைத்தோம். பெட்டிக்குப் பூட்டும் கையில் பயணச்சீட்டும் இருத்தல் வேண்டும். இல்லையேல் வாங்க மாட்டார்கள். பின்னர் பூங்காவிலிருந்து கடற்கரை நிலையம் சென்று வண்டி மாறினால் அடுத்த நிலையம் இராயபுரம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சீட்டு வேண்டியதில்லை.

இராயபுரம் நிலையத்தில் இறங்கியதும் அந்தத் தூண்கள் வரிசையாய் நிற்கும் கட்டடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். இந்தியாவின் முதல் பயணிகள் வண்டி 1853-இல் பம்பாயின் போரிபந்தரிலிருந்தும், அடுத்தது 1854-இல் ஹௌராவிலிருந்தும் புறப்பட்டன. அவ்விரு இடங்களின் முதற்கட்டடங்கள் இன்றில்லை. 1856 ஜூலை முதல் நாள் வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் வண்டி புறப்பட்ட இராயபுரமோ இன்றும் நிற்கிறது. 1873-இல் சென்ட்ரல் எழும்வரை சென்னையின் வாயில் இதுவே. "அப்ப சென்ட்ரலுக்கு இது அக்காவா?" என்று கேட்டாள் மூத்தவள். அதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க முடியாது.

ஊரின் பெயரிலும் கதை உண்டு. புனித பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்பர். அவர் பெயரால் படகுத் தொழிலாளர் எழுப்பிய தேவாலயத்தை ஒட்டி வழங்கியதே இராயபுரம். நிலையத்துக்குத் தொலைவிலில்லாத ராபின்சன் பூங்காவில்தான் 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்தது. இன்று அது அறிஞர் அண்ணா பூங்கா.

காசிமேடும் காணாமற் போன மணலும்

அடுத்து ஆட்டோவில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். இங்கே ஓர் எச்சரிக்கை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. மீன்கள் இனம் பெருக்கும் காலம் அது. பள்ளி விடுமுறையின் பெரும்பகுதி இதற்குள் அடங்குவதால் பெரிய ஏலத்தை எதிர்பார்த்து வருவோர் ஏமாறுவர். ஆனால் பிள்ளைகளுக்கு இதுவே நல்ல காலம் என்பேன். நெரிசல் குறைவு, படகுகள் வரிசையாய்க் கட்டிக் கிடக்கும், தச்சர் பலகை மாற்றுவதையும், வண்ணம் பூசுவதையும், மீனவர் வலை பின்னுவதையும் அருகே நின்று பார்க்கலாம். ஒரு பெரியவர் இளையவனை அழைத்து, அவன் விரலைப் பிடித்து வலையில் ஒரு முடிச்சுப் போடவைத்தார். அன்று முழுவதும் அவன் அந்த விரலை எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். தரை வழுக்கும், பனிக்கட்டி ஏற்றிய வண்டிகள் வரும். ஆகவே கையை விடாதீர்கள்.

"இங்க ஏன் மெரினா மாதிரி மணல் இல்ல?" என்பது மூத்தவளின் அடுத்த கேள்வி. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்கின்றன. 1876 முதல் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது மணல் தெற்கே தங்கிற்று; மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வராமற்போகவே இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையை அரித்தது. இன்று காணும் பாறைக் குவியல்களும் தூண்டில் வளைவுகளும் எஞ்சிய கரையைக் காக்க இட்டவை. மெரினாவில் மணல்வீடு கட்டும் குழந்தை, வடசென்னை இழந்த மணலில் விளையாடுகிறது எனலாம். இதைக் கேட்டு அக்கா சற்று நேரம் பேசவில்லை.

ஒற்றியூரில் ஒரு வாக்கு

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் குளிர்ந்த பெட்டியில் திருவொற்றியூர் தேரடி. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட வழித்தடம் இது. விம்கோ என்பது ஊர்ப்பெயரன்று. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்னும் தீப்பெட்டி ஆலையின் சுருக்கப் பெயர். இந்தத் திருவொற்றியூரில்தான் 1946-இல் ஒரு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்யும் தொழில் தொடங்கிற்று. அதுவே பின்னர் எம்.ஆர்.எஃப். டயராக வளர்ந்தது. பலூன் டயரான கதையை இளையவன் மூன்று முறை சொல்லச் சொன்னான்.

தியாகராச சுவாமி கோயிலுக்கு நண்பகல் நடை சாத்துமுன் சென்றுவிட வேண்டும். மூலவர் விமானத்தின் பின்புறம் படுத்திருக்கும் யானையின் முதுகுபோல் வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பர். முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கற்பணி இது. மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குச் சுந்தரர் "பிரியேன்" என்று வாக்களித்ததையும், அவ்வாக்கைத் தவறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண்ணொளி இழந்ததையும் சொன்னேன். "சாயங்காலம் கப்பல் காட்டுறேன்னு நீங்களும் சொல்லியிருக்கீங்க மாமா" என்று நினைவூட்டினாள் மூத்தவள்.

நண்பகலில் எங்கள் வீட்டில் சோறும் உறக்கமும். உறவினர் வீடு இல்லாதோர் மெட்ரோவிலேயே சென்ட்ரல் திரும்பிக் காத்திருப்பு அறையில் பிள்ளைகளை உறங்கவைக்கலாம். இந்த மூன்று மணி நேரத்தை யாரும் வீணென்று கருதற்க. இதுவே மற்ற நேரத்துக்கு உயிர்.

எண்ணூர்: காட்டாமல் காட்டியது

"எண்ணூருக்குப் போவோமா?" என்றார் அத்தான். வெள்ளையர் காலத்தில் கால்வாய் வழியே படகேறிப் போய் ஓய்வெடுத்த இடம் அது. இன்று பிள்ளைகளோடு பொழுதுபோக்கச் செல்ல நான் பரிந்துரைக்க மாட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அம்மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். இதை நான் சொன்னபோது, "அங்க இப்பவும் பிள்ளைங்க இருக்காங்களா?" என்று கேட்டாள் மூத்தவள். "இருக்கிறார்கள்" என்றேன். ஒரு பகல்கூட நம் பிள்ளையை நிறுத்தத் தயங்கும் இடத்தில் ஆண்டு முழுதும் பிள்ளைகள் வளர்கிறார்கள். சுற்றுலாத் திட்டத்தில் இதற்கு விடையில்லை. ஆனால் வினாவை மறைக்கவும் கூடாது.

நான்கு மணிக்குக் கடற்காற்று வீசிற்று. கடலோரப் பாறைச் சுவரருகே நின்றோம். தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்கள். "எல்லாம் ஏன் ஒரே பக்கம் பாத்து நிக்கு?" என்றான் இளையவன். முன்புறம் மட்டும் நங்கூரத்தில் கட்டுண்ட கப்பல் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் தக்கபடி திரும்பிக்கொள்ளும் என்றேன். சாலையில் பெட்டக லாரிகள் துறைமுகத்தை நோக்கி வரிசையாய்க் காத்துக் கிடந்தன. அறுபது வரை எண்ணிச் சலித்த மூத்தவள், "இதுல தாத்தா லாரி எது?" என்றாள். என் தந்தை அந்த வரிசையில் எங்கோ இருந்தார். நாங்கள் சென்ட்ரலில் ஐந்து மணிக்கே அமர்ந்திருந்தோம். வண்டி நகரும்போது அக்கா சொன்னார்: "சித்தப்பாவப் பாக்க முடியலையேல. அடுத்த வருசம் ஒரு நாள் தங்கியே போறோம்."

முடிவாகச் சில சொற்கள்

நண்பர்களே! நேரத்தைக் கழித்துப் பின் இடத்தைக் கூட்டுங்கள். ஒரே திசையில் செல்லுங்கள். நண்பகலை உறக்கத்துக்குக் கொடுங்கள். பிள்ளைகளின் வினாவுக்கு விடை வைத்திருங்கள். இவற்றைவிட முக்கியம், நம் ஊரைக் காட்ட நாம் வெட்கப்படாதிருத்தல். "அங்கே என்ன இருக்கிறது?" என்போர்க்கு நாம் சினந்து விடை கூற வேண்டியதில்லை. ஒரு பகல் கையைப் பிடித்து அழைத்துச் சென்றால் போதும்.