மஞ்சளும் தேயிலையும் பார்வை நரம்பைக் காக்குமா?

கண் வெளியே நன்றாகத்தான் இருக்கும். சிவப்போ, பூ விழுந்த அடையாளமோ தெரியாது. ஆனால் பார்வை இல்லை. எறிகணை வெடித்தபோது புருவத்தில் பட்ட அடியாலும், சைக்கிளிலிருந்து விழுந்த அடியாலும் இவ்வாறு நேர்வதுண்டு. "கண் வடிவாத்தானே இருக்குது, பிறகேன் தெரியேல்லை எண்டுறாய்?" என்று வீட்டாரே கேட்பார்கள். இங்கே பழுதடைந்தது, கண்ணுக்குப் பின்னால் உள்ள பார்வை நரம்பு.

விழித்திரையிலிருந்து மூளைக்குச் செல்லும் இந்த நரம்பில் ஏறத்தாழ 10 இலட்சம் நார்கள் உள்ளன. ஒவ்வொரு நாரும் விழித்திரையிலுள்ள ஒரு நரம்புக் கலத்தின் நீண்ட வால் போன்றது. நார் நசிந்தாலும் கலம் உடனே இறப்பதில்லை. நாட்கள், கிழமைகள் சென்றே இறக்கின்றது. கை, கால் நரம்புகள் ஓரளவு மீண்டும் வளரும். பார்வை நரம்பு அப்படி வளராது. எனவே, அந்த இடைவெளியில் கலங்களைக் காப்பாற்ற முடியுமா என்பதே ஆய்வாளரின் தேடல்.

தாவரங்களில் தேடல்

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின், பச்சைத் தேயிலையிலுள்ள ஈ.ஜி.சி.ஜி. ஆகிய பொருட்கள் அழற்சியைத் தணித்து, கலங்களின் அழிவைக் குறைப்பதாக எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. 2018இல் இலண்டன் ஆய்வாளர்கள் குர்குமினை மிக நுண்ணிய துணிக்கைகளில் அடைத்துக் கண்துளி மருந்தாக்கினர். விழித்திரைக் கலங்கள் அழிந்துகொண்டிருந்த எலிகளுக்கு நாளுக்கு இரு தடவையாக 3 கிழமைகள் விட்டபோது, இறந்த கலங்கள் குறைவாக இருந்தன.

அப்படியானால் மஞ்சளைக் கரைத்துக் கண்ணில் விடலாமா? கூடவே கூடாது. குர்குமின் நீரில் கரையாது. உண்டாலும் மிகச் சிறிதளவே இரத்தத்தில் சேரும். தூளிலுள்ள கிருமிகள் கருவிழியைப் புண்ணாக்கி, மிஞ்சிய பார்வையையும் கெடுக்கலாம். பூச்சாறும் தாய்ப்பாலும் விடுவது இதே ஆபத்துத்தான்.

அடிபட்ட பார்வை நரம்பைக் காப்பதாக மனிதரில் நிறுவப்பட்ட தாவர மருந்து இன்றுவரை இல்லை. 133 நோயாளரைக் கொண்டு 1999இல் வெளியான ஆய்வொன்றில், ஸ்டீரொய்ட் மருந்தோ சத்திரசிகிச்சையோ கூடத் தெளிவான பயன் தரவில்லை. சிகிச்சையின்றி இருந்தோரிலும் சிலருக்குப் பார்வை தானாகக் கூடியது. "இந்த எண்ணெயால் சுகம் வந்தது" என்று சொல்லப்படும் கதைகள் சில இப்படியும் தோன்றியிருக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

• கண்ணிலோ புருவத்திலோ அடிபட்டால் தேய்க்க வேண்டாம். எதையும் விட வேண்டாம். குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்க வேண்டாம். கண்ணை அழுத்தாமல், சுத்தமான கடதாசிக் கோப்பையால் மூடி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

• ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்வையைச் சோதியுங்கள். ஒரு கண் மங்கினாலும் மற்றக் கண் அதை மறைத்துவிடும்.

• பழைய காயமாயின், மூலிகைக் குளிசைக்குக் காசு கொடுக்க முன்னர் அரசாங்க வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் இலவசமாகக் காட்டுங்கள். "பழுது நரம்பிலா, கண்புரையா?" என்று கேளுங்கள். அடிபட்ட கண்ணில் கண்புரையும் வரலாம். நரம்பு நன்றாக இருந்தால், கண்புரையைச் சத்திரசிகிச்சை செய்து பார்வையை மீட்க வாய்ப்புண்டு.

இந்தக் கேள்வியைக் கேளாமலே ஆண்டுக்கணக்காக இருட்டில் இருக்கும் சகோதரி உங்கள் ஊரிலும் இருக்கலாம். அவரைக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள்.