கொரியக் கதையும் நம் வீட்டுக் கஞ்சியும்

உணவும் கதையும் உடன்பிறந்தவை. நிலவொளியில் சோறு பிசைந்து குழந்தைகளின் உள்ளங்கையில் உருட்டி வைத்த பாட்டிமார், கதையில்லாமல் ஒரு கவளமும் கொடுத்ததில்லை. கதை நீண்டால் சோறும் இறங்கும். சோறு தீர்ந்தால் கதையும் முடியும். பிழைப்பை நாடிப் பெங்களூர் வந்த நம்மவர் இல்லங்களில் இன்று நிலா முற்றம் இல்லை. ஆனால் கதை மட்டும் இல்லாமற் போகவில்லை. அது இப்போது கொரியா நாட்டிலிருந்து வருகிறது.

அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் காக்ஸ் டவுனிலும் கல்லூரிக்குச் செல்லும் பெண் உள்ள வீடாயின், அங்கே ஒரு கொரியத் தொலைக்காட்சித் தொடர் ஓடிக்கொண்டிருக்கும் எனத் துணிந்து கூறலாம். ஆனால் அவள் காதிற் கருவியைச் செருகிக்கொண்டு கைப்பேசியில் தனியே காண்கிறாள். பேச்சுத் துணையற்ற பாட்டியார் கூடத்தில் தனியே உண்கிறார். தகப்பனார் பணி முடிந்து வரும்போது இரவு மணி ஒன்பது. தாயாரோ எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, அடுக்களையில் நின்றவாறே மிச்சத்தை உண்டு முடிக்கிறார். ஒரே கூரையின்கீழ் நால்வர். இரவுணவோ நான்கு தனித் தனிப் பந்திகள்! வாரத்தில் ஒரு நாளேனும் இந்நால்வரையும் ஒரே பாயில் அமர்த்த இக்கொரியக் கதைகளே துணைபுரியக்கூடும் என்பது நமது கருத்து. அதன் பொருட்டே இக்கட்டுரை.

கொரியா நமக்குப் புதிதன்று

கொரியா என்றதும் நம் முதியோர்க்கு நினைவில் எழுவது போர். 1950இல் அப்போர் மூண்டபோது இந்தியா அனுப்பியது பீரங்கிகளை அன்று, மருத்துவர்களை. 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு என்னும் அப்படைக்குத் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். அவருடைய தொண்டுக்கு மகா வீர் சக்கரம் வழங்கப் பெற்றது. 1953இல் போர் ஓய்ந்தபின், போர்க் கைதிகளைப் பற்றி முடிவு செய்ய அமைந்த நடுநிலை நாடுகளின் ஆணையத்திற்குத் தலைவராக இருந்தவர் நம் கர்நாடகத்தின் குடகு மண்ணிற் பிறந்த ஜெனரல் கே. எஸ். திம்மையா.

பின்னர் உறவு வேறு வழியில் வந்தது. 1996இல் ஹூண்டாய் நிறுவனம் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் காலூன்றியது. 1998இல் அங்கிருந்து சாண்ட்ரோ கார் வெளிவந்தது. கொரியக் குடும்பங்கள் தமிழகத்தில் குடியேறின. 2013இல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி, ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ முதலிய கொரியத் தொடர்களைத் தமிழ்க் குரலில் ஒளிபரப்பி, அந்நாட்டு மாந்தரை நம் வீட்டுக் கூடத்திலேயே தமிழ் பேச வைத்தது. இன்று பெங்களூர்க் கம்மனஹள்ளிப் பக்கம் சென்றால் கொரிய உணவு விடுதிகளையே காணலாம்.

கொரியர் தாயை ‘ஓம்மா’ என்றும் தந்தையை ‘அப்பா’ என்றும் அழைப்பதைக் கேட்டு நம் பாட்டியர் வியப்பதுண்டு. இவ்வொற்றுமை இன்று நேற்றுக் கண்டதன்று. 1905இல் ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். இரண்டும் ஒரு தாய் மக்கள் என்பதை இன்றைய மொழிநூலார் ஏற்பதில்லை. எனினும் மொழியில் இல்லாத உறவு அடுக்களையில் இருக்கிறது. அவர்களும் சோறுண்ணும் மக்கள். வழியிற் கண்டவரை நாம் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்பது போலவே அவர்களும் “சோறு உண்டாயா?” என்று நலம் விசாரிக்கின்றனர். குடும்பத்தாரைக் குறிக்க அவர்கள் வழங்கும் சொல் ‘சிக்கு’. உண்ணும் வாய்கள் என்பது அதன் பொருள். ஒரே பானையில் உண்பவர் எவரோ அவரே குடும்பம் என்பது கருத்து. நம் மொழியில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. குடும்பம் என்றால் கொஞ்சம் சிக்கும் இருக்கத்தானே செய்யும்!

பசி அறிந்த நாடு

இத்தொடர்களில் உணவு இத்தனை இடம் பெறுவானேன்? அது பசியை நன்கறிந்த நாடு. போருக்குப்பின் அமெரிக்கப் படை முகாம்களிலிருந்து வெளிவந்த தகர டப்பா இறைச்சியைக் காரக் குழம்பில் இட்டுக் கொதிக்க வைத்து உண்டனர். அதுவே ‘படைக் குழம்பு’ என்னும் பெயரோடு இன்று விருந்தாக விளங்குகிறது. 1963இல் சாம்யாங் நிறுவனம் உடனடி நூடுல்ஸை அங்கு முதன்முதல் விற்றதும் ஏழையர் பசியை எண்ணித்தான். பழைய சோற்றையும் கேழ்வரகுக் களியையும் உண்டு வளர்ந்த நம் பெரியோர்க்கு இவ்வரலாறு விளங்காததன்று.

ஆகவே கொரியக் கதையைக் காண்போர் விலையுயர்ந்த கொரியப் பொட்டலங்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை. அப்பொட்டலங்களில் உப்பும் மிகுதி. இரத்த அழுத்தம் உடையோர்க்கு ஆகாது. கதைக்கு ஏற்ற உணவு நம் வீட்டிலேயே இருக்கிறது. நாம் கண்டு தெளிந்த சில இணைகளைக் கீழே தருகிறோம்.

கஞ்சியும் அரண்மனைச் சமையற்காரியும்

முதலிற் காணத் தக்கது ‘தே ஜாங்கும்’. ஆங்கிலத்தில் ‘ஜுவல் இன் தி பேலஸ்’ எனப்படும் இத்தொடர் 2003, 2004 ஆண்டுகளில் 54 பகுதிகளாக வெளிவந்தது. பதினாறாம் நூற்றாண்டில் அரண்மனை அடுக்களையில் ஏவற்சிறுமியாகச் சேர்ந்தவள், பின்னர் அரசனுக்கே மருத்துவச்சியாக உயர்ந்த கதை இது. குடிக்க நீர் கொண்டு வருமாறு ஆசிரியை பலமுறை பணிக்கிறாள். எப்படிக் கொடுத்தாலும் ஏற்கவில்லை. கடைசியில் சிறுமி, வயிறு வலிக்கிறதா, தொண்டை கரகரக்கிறதா என்று கேட்டறிந்து, அதற்கேற்பச் சிறிது உப்பிட்ட வெந்நீர் கொடுக்கிறாள். உண்பவர் உடல்நிலையை அறிவதே சமையலின் முதற்பாடம் என்று அப்போதுதான் விளங்குகிறது. இதைக் காணும் நம் பாட்டியார், “இதைத்தானே நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!” என்பார்.

இக்கதைக்குக் கஞ்சியே தக்கது. கொரியர் அதனை ‘ஜுக்’ என்பர். ஆங்கிலேயர் ‘காஞ்ஜி’ என எழுதும் சொல் நம் தமிழ்க் கஞ்சியிலிருந்து சென்றதே. ஒரு பங்கு பச்சரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து நீரை வடித்து, ஒரு கரண்டி நல்லெண்ணெயில் இலேசாக வறுத்து, ஏழு பங்கு நீர் விட்டு மெல்லிய தீயில் குழைய விடுக. கொரியர் வறுத்த எள்ளின் எண்ணெயைச் சேர்ப்பர். அம்மணம் வேண்டுவோர் ஒரு கரண்டி எள்ளை வறுத்துப் பொடித்து மேலே தூவுக. தொட்டுக்கொள்ள நாரத்தங்காய் ஊறுகாய் போதும்.

கிண்ணம் வெறுமையாகத் திரும்பலாகாது

‘ரிப்ளை 1988’ என்னும் தொடர் 2015ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 20 பகுதிகளில் முடிந்தது. சியோல் நகரின் ஒரு சந்தில் வாழும் சில குடும்பங்களே கதை. மாலையில் ஒரு வீட்டுச் சமையலை அடுத்த வீட்டுக்குக் கொண்டு செல்லப் பிள்ளைகள் ஏவப்படுகின்றனர். கொண்டு சென்ற பாத்திரம் வெறுமையாகத் திரும்புவதில்லை. இவ்வாறு கிண்ணங்கள் சந்தெங்கும் நடக்க, எல்லா வீட்டு மேசையிலும் எல்லா வீட்டுக் கறியும் வந்து சேர்கிறது. ஒண்டுக் குடித்தனத்தில் வாழ்ந்தோர் இதைக் கண்டு கண் கலங்காமல் இரார். அடுக்குமாடி வீடுகளில் எதிர்க் கதவினர் பெயரையே அறியாமல் வாழும் நமக்கு இது ஒரு பாடமுமாகும்.

மழை பெய்தால் கொரியர் வெங்காயத்தாள் அடை சுடுவர். வாணலியின் சடசடப்பு மழையின் ஓசையை ஒத்திருப்பதாக அவர்கள் சொல்வதுண்டு. பெங்களூர் மழையில் பஜ்ஜியை நாடும் நமக்கு இதை விளக்கவா வேண்டும்? ஒரு குவளை கோதுமை மாவு, கால் குவளை அரிசி மாவு, உப்பு, நறுக்கிய வெங்காயத்தாள் இரண்டு கைப்பிடி. தோசை மாவினும் சற்றுத் தளர்வாகக் கரைத்து, தாராளமாய் எண்ணெய் விட்டு இருபுறமும் முறுகச் சுடுக. சுக்குக் காப்பி உடனிருக்கட்டும். இரண்டு அடை மிகுதியாகச் சுட்டு, எதிர் வீட்டுக் கன்னடத்து அம்மையாருக்கும் அனுப்புக. கிண்ணம் திரும்பி வரும்போது அதில் கோசம்பரி இருந்தால் வியப்பில்லை.

கட்டுச்சோறும் இளம் வழக்கறிஞரும்

2022இல் வந்த ‘எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ’ தொடரின் நாயகி, ஆட்டிசம் என்னும் இயல்போடு பிறந்த வழக்கறிஞர். அவர் விரும்பி உண்பது ‘கிம்பப்’ என்னும் கடற்பாசி சுற்றிய சோற்றுச் சுருள். உள்ளிருப்பது எல்லாம் வெளியே தெரிவதால் எதிர்பாராத சுவை எதுவும் வாயில் அகப்படாது என்பது காரணம். சோறு பிடிக்கவில்லையென ஒதுக்கும் குழந்தையை அடம் பிடிப்பதாகச் சினக்கும் பெற்றோர் இதைக் காண வேண்டும். கொரியர்க்குக் கிம்பப் என்பது பயணத்துக்கும் சுற்றுலாவுக்கும் ஆன கட்டுச்சோறு. இரயில்வே ஊழியராகிய நாம் இதற்கு ஈடாகப் புளியோதரையையன்றி வேறெதைச் சொல்வோம்!

காரக் கொழுக்கட்டை

பள்ளி மாணவர் வரும் தொடர்களில் கடைவீதியில் நின்று உண்ணும் செந்நிறக் காரப் பண்டம் ஒன்றைக் காணலாம். ‘தொக்பொக்கி’ எனப்படும் அது அரிசிக் கொழுக்கட்டையே. கொதிநீரிற் பிசைந்த இரண்டு குவளை அரிசி மாவைச் சுண்டுவிரல் அளவாக உருட்டிப் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வேக வைக்க. கொரிய மிளகாய் விழுதுக்கு மாற்று நம் கர்நாடகத்திலேயே விளைகிறது. 2011இல் புவிசார் குறியீடு பெற்ற பியாடகி மிளகாய் நிறம் மிகுந்தது, காரம் குறைந்தது. பதினைந்து மிளகாயை விதை நீக்கி வெந்நீரில் ஊறவைத்து, எட்டுப் பல் பூண்டு, இரண்டு கரண்டி சோறு, நெல்லிக்காய் அளவு வெல்லம், உப்பு சேர்த்து நைய அரைக்க. இவ்விழுதில் இரண்டு கரண்டியை ஒன்றரைக் குவளை நீரிற் கொதிக்கவிட்டுக் கொழுக்கட்டைகளை ஐந்து நிமிடம் புரட்டி எடுக்க. கொரியப் பண்டம்போல் அத்துணை இழுவை இராது. ஆயினும் பிள்ளைகள் மிச்சம் வைப்பதில்லை.

மிளகாய் கொரியர்க்கும் நமக்கும் சொந்தப் பொருள் அன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த அது, வந்தேறிய இடத்தில் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. இடம்பெயர்ந்து வாழும் நமக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு.

இடியாப்ப நாழியை யார் அழுத்துவது?

2019ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய ‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’ தொடரில், காற்றில் அடித்துச் செல்லப்பட்டு வட கொரியாவில் விழுகிறாள் தென் கொரியச் செல்வச் சீமாட்டி ஒருத்தி. பசித்திருந்த அவளுக்கு ஒரு படைத்தலைவன் தன் கையாலேயே மாவு பிசைந்து, நூலாகப் பிழிந்து, வேக வைத்துப் பரிமாறுகிறான். இக்கதை ஓடும் நாளில் இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் செய்க. ஆனால் ஒரு கட்டுப்பாடு: நாழியை அழுத்துவது வீட்டின் ஆண்மக்கள் பொறுப்பாக இருக்கட்டும். அதற்கு எத்துணை வலிமை வேண்டும் என்பதை ஒருமுறை அழுத்திய பின்னரே ஆடவர் உணர்வர்.

இதனினும் ஆழமாக நம்மைத் தொட்டது 2025இல் வந்த ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்’. ஜேஜு தீவில் கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் தாய், கவிஞராக விரும்பிய மகள், அவளை உயிராகக் கொண்ட கணவன் என மூன்று தலைமுறைக் கதை. புகுந்த வீட்டில் ஆண்கள் ஒரு மேசையிலும் பெண்கள் வேறொரு மேசையிலும் உண்கின்றனர். ஒரு நாள் அக்கணவன், பெரியோர் மேசைக்கு முதுகைக் காட்டித் திரும்பி அமர்ந்து, மனைவியின் மேசையில் உண்கிறான். அவன் ஒரு சொல்லும் பேசவில்லை; வீடே அதிர்கிறது.

இக்காட்சியைக் காணும் நம் ஆடவர் பலர், தம் தாயார் எப்போது உண்டார், என்ன உண்டார் என்பதைத் தாம் ஒரு நாளும் பார்த்ததில்லை என்பதை நினைவுகூர்வர். சட்டியில் எஞ்சியதே அவர் பங்கு. அதற்கு அன்பு என்று பெயரிட்டுப் போற்றினோம். பக்கத்தில் ஓர் இலை போட எண்ணினோமில்லை.

கொரியர் சோற்றுடன் பயறு சேர்த்து வேகவைக்கும் வழக்கமுடையோர். நமக்கோ மார்கழி, தை மாதங்களில் பெங்களூர்ச் சந்தையெங்கும் அவரைக்காய் மணம். இரண்டு குவளை அரிசியுடன் ஒரு குவளை பிதுக்கிய அவரைப் பருப்பும் உப்பும் சேர்த்து, நாலரைக் குவளை நீர் விட்டுக் குக்கரில் வேக விடுக. மீன் வறுவல் உடனிருந்தால் சிறப்பு. சைவர்க்கு வாழைக்காய் வறுவல். அவரைக்காயைப் பிதுக்கப் பல கைகள் வேண்டும். பாட்டி, பேத்தி, தகப்பனார் எல்லோரும் வட்டமாக அமர்ந்து பிதுக்கினால் வேலையும் முடியும், பேச்சும் வளரும்.

சில சொற்கள்

‘ஸ்க்விட் கேம்’ போன்ற குருதி சிந்தும் தொடர்கள் உணவு வேளைக்கு ஏற்றவையல்ல. சிறுவர்க்கு அறவே ஆகா. ஒரே இரவில் பத்துப் பகுதிகளைக் கண்டு விடிகாலைப் பணிக்குத் தூங்கி வழிவதும் நன்றன்று. வாரம் ஓர் இரவு, ஒரு பகுதி, அது போதும். தமிழ்க் குரல் உள்ள தொடர்களைத் தேர்ந்தால் பாட்டியாரும் உடன் காணலாம். தமிழ்க் குரல் இல்லையெனில் பேத்தி கதையைத் தமிழிற் சொல்லட்டும். கன்னடமும் ஆங்கிலமும் பள்ளியிற் பயிலும் நம் பிள்ளைகட்கு வீட்டில் நீண்ட தமிழ் பேச வேறு வாய்ப்பு எங்கே இருக்கிறது? பாட்டி கதை சொல்லிப் பேத்தி உண்டது அந்தக் காலம். பேத்தி கதை சொல்லப் பாட்டி உண்பது இந்தக் காலம். கதை இருவருக்கும் பொதுவாக இருக்கும்வரை குறையொன்றுமில்லை.

அயல்நாட்டுக் கதை நம் பண்பாட்டைக் கெடுக்காதா என வினவும் அன்பர்கள் உளர். கஞ்சியும் அடையும் கொழுக்கட்டையும் இடியாப்பமும் நம் அடுக்களையில் இருக்க, எல்லோரும் ஒன்றாய் அமர்ந்து உண்பதில் கெடுவது எதுவும் இல்லை. வரும் ஞாயிறன்று முயன்று பார்க்குமாறு வேண்டுகிறோம். பரிமாறும் முன் இலைகளை எண்ணுக. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை இலைகள். அவற்றுள் ஒன்று அம்மாவுக்கு. எல்லோரும் அமர்ந்த பின்னரே கதை தொடங்கட்டும்.