ரயில் சக்கரத்துக்கு ஏன் கீ இல்லை?

மோட்டார் ஷாஃப்ட்ல புல்லியை எப்படி மாட்டுறாங்க? ரெண்டுலயும் காடி வெட்டி, நடுவுல ஒரு இரும்புத் துண்டைச் செருகுவாங்க. அதுதான் கீ. ஷாஃப்ட் சுத்தினா புல்லியும் சேர்ந்து சுத்தும்.

அப்போ ரயில் பெட்டிச் சக்கரத்தை அச்சோட எது பிடிச்சு வைக்குது? கீ இல்லை, போல்ட் இல்லை, வெல்டிங்கும் இல்லை.

சக்கரத்தோட துளையை அச்சைவிட மில்லிமீட்டர்ல கால் பங்கு போல சின்னதா கடைஞ்சு, ஹைட்ராலிக் பிரஸ்ல பல பத்து டன் விசை கொடுத்து ஏத்துறாங்க. பெங்களூரு எலஹங்கா ரயில் சக்கரத் தொழிற்சாலையில நடக்குற வேலை இது. விரிஞ்ச சக்கரம் அச்சை நெருக்கிப் பிடிக்குது. அந்த உராய்வே போதும்.

எதுக்கு இந்த மெனக்கெடல்? ஒவ்வொரு சுத்துலயும் அச்சு கொஞ்சம் வளையுது. காடி வெட்டினா அதோட மூலையில அழுத்தம் குவிஞ்சு விரிசல் விழும். 1842-ல பிரான்ஸ்ல வெர்சாய் ரயில்ல என்ஜின் அச்சு முறிஞ்சு, தீப்பிடிச்சு, 50 பேருக்கு மேல இறந்தாங்க. மறுவருஷமே ஸ்காட்லாந்து பொறியாளர் ராங்கின், இப்படிப்பட்ட கூர்மையான மூலைகள்லதான் விரிசல் தொடங்குதுன்னு எழுதினார்.

மோட்டார்ல கீ அறுந்தா புதுசு போட்டுக்கலாம். ஓடுற ரயிலோட அச்சுக்கு அந்த வாய்ப்பே கிடையாது.