கலைஞரும் காணியும்

ஏழைகளின் துயரத்தைச் சித்திரமாகத் தீட்டுவது வேறு. அவர்கள் வாழும் தெருவுக்கே சென்று அத்துயரத்தைத் தீர்க்கக் கைகொடுப்பது வேறு. முன்னது சித்திரக்காரருக்குப் புகழைத் தரும். பின்னது அத்தெருவாருக்குக் கூரையைத் தரும். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தை உணர்ந்து, பின்னதற்குத் துணிந்த ஏழு கலைஞர்களின் காரியத்தை நமது நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில், டெக்ஸாஸ் ராஜ்யத்தைச் சேர்ந்த ஹூஸ்டன் நகரில் 1993-ஆம் வருஷத்தில் அவர்கள் தொடங்கிய ஸ்தாபனத்துக்கு 'பிராஜெக்ட் ரோ ஹௌஸஸ்' என்று பெயர். 'வரிசை வீடுகள் திட்டம்' என்று நாம் அதைத் தமிழில் சொல்லலாம். பொதுஜன சேவையில் ஈடுபட்டோர் அனைவரும் சிந்திக்க வேண்டிய பாடம் ஒன்று அதன் வரலாற்றில் அடங்கியிருக்கிறது.

முதலில் அந்த இடத்தின் பூர்வோத்தரத்தைச் சற்றுக் கவனிப்போம். ஹூஸ்டன் நகரின் 'மூன்றாவது வார்டு' என்ற பகுதி, ஆப்பிரிக்க வம்சத்தார் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் இடம். டெக்ஸாஸ் ராஜ்யத்து அடிமைகளுக்கு அவர்கள் விடுதலை பெற்றுவிட்டார்கள் என்ற செய்தி 1865-ஆம் வருஷம் ஜூன் மாதம் 19-ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. அதன் பின் ஏழே ஆண்டுகளில், 1872-இல், ஜாக் யேட்ஸ் என்ற பாதிரியார் முதலியோரின் தலைமையில் அம்மக்கள் தங்களுக்குள் பணம் திரட்டி, 10 ஏக்கர் நிலத்தை வாங்கினார்கள். ஆண்டுதோறும் விடுதலை நாளைக் கொண்டாடுவதற்காக வாங்கப்பட்ட அந்நிலமே இன்று 'விடுதலைப் பூங்கா' என்று வழங்குகிறது. நிறவேற்றுமைச் சட்டங்கள் ஓங்கி நின்ற காலத்தில், அந்நகரில் அவர்கள் கால்வைக்கக்கூடிய பொதுப் பூங்கா பல ஆண்டுகள் அது ஒன்றே. நேற்றுவரை பிறருக்கு உடைமையாயிருந்தவர்கள், தமக்கென ஓர் உடைமையைத் தேடியபொழுது நிலத்தையே நாடினார்கள் என்பதை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்வார்களாக. நாம் சொல்லப் புகும் விஷயத்துக்கு அதுவே அடிப்படை.

அப்பகுதியில் ஏழைத் தொழிலாளர் குடியிருந்த வீடுகள் ஒரு தனி அமைப்புடையவை. குறுகிய முகப்பு, முன்னே ஒரு சிறு திண்ணை, நடைவழி என்பதே இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக அறைகள். முன்வாசலில் துப்பாக்கியால் சுட்டால் குண்டு எந்தச் சுவரிலும் படாமல் பின்வாசல் வழியே வெளியேறிவிடும் என்பது பற்றி இவற்றுக்கு 'ஷாட்கன் வீடு' என்று பெயர் வந்ததாகச் சொல்வர். மேற்கு ஆப்பிரிக்காவில் தோன்றிய வீட்டமைப்பு, ஹெய்ட்டித் தீவின் வழியாக அடிமைகளோடு அமெரிக்காவை அடைந்தது என்பது ஆராய்ச்சியாளர் சிலரின் கொள்கை. மூன்றாவது வார்டில் 1930-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட இத்தகைய 22 வீடுகள், 1990-ஆம் வருஷங்களின் தொடக்கத்தில் பாழடைந்து, தீய தொழில் செய்வோருக்கு ஒதுங்குமிடமாகக் கிடந்தன. அவற்றை இடித்துத் தள்ளுவதே நலம் என்றுதான் பலரும் எண்ணினர். ஆனால் அதே வார்டிலுள்ள டெக்ஸாஸ் தென் சர்வகலாசாலையில் 1949 முதல் சித்திரக் கலைப் பகுதியை நிறுவி நடத்திய ஜான் பிக்கர்ஸ் என்ற பெரியார், இவ்வீடுகளைத் தமது சித்திரங்களில் மாண்புடன் தீட்டியிருந்தார். பிறர் குப்பைமேடாகக் கண்ட இடத்தில் அவர் ஒரு சமுதாயத்தின் பரம்பரைச் சொத்தைக் கண்டார்.

இங்கேதான் ரிக் லோ என்ற சித்திரக்காரர் வருகிறார். அலபாமா ராஜ்யத்தின் கிராமப்புறத்தில் பிறந்து ஹூஸ்டனில் குடியேறிய அவர், வறுமையையும் அநீதியையும் கண்டிக்கும் பெரிய ஓவியங்களைத் தீட்டி வந்தார். 1990-ஐ ஒட்டிய காலத்தில் அவருடைய சித்திரசாலைக்கு வந்த பள்ளி மாணவர்களுள் ஒருவர் அவரிடம் ஒரு வினாவை எழுப்பினாராம். எங்கள் கஷ்டம் எங்களுக்குத் தெரியும். அதைப் படமாக எழுதிக் காட்ட வேண்டியதில்லை. படைக்கும் ஆற்றல் உங்களிடம் உண்டென்றால் அக்கஷ்டத்துக்கு ஒரு பரிகாரத்தை ஏன் படைக்கக்கூடாது என்பதே அவ்வினாவின் கருத்து. அந்த இளம் உள்ளத்தின் கேள்விக்கு அவர் வார்த்தைகளால் பதில் சொல்ல முயலவில்லை. ஜேம்ஸ் பெட்டிசன், பெர்ட் லாங், ஜெஸ்ஸி லாட், ஃபிளாய்ட் நியூஸம், பெர்ட் சாம்பிள்ஸ், ஜார்ஜ் ஸ்மித் என்னும் அறுவரோடு கூடி, அந்த 22 வீடுகளையும் மீட்டுத் திருத்தும் பணியைத் தொடங்கினார். தொண்டர்கள் குப்பை அகற்றினர். சுவர்களுக்கு வர்ணம் பூசினர். வீடுகள் மீண்டும் தலைநிமிர்ந்தன.

அவ்வீடுகளில் நடப்பன யாவை? ஏழெட்டு வீடுகள் கலைக்கென ஒதுக்கப்பட்டன. 1994 முதல், வருஷத்துக்கு இருமுறை, கலைஞர்கள் ஆளுக்கொரு வீட்டை ஏற்று, அப்பகுதி மக்களின் வாழ்வையும் நினைவையும் பொருளாகக் கொண்ட படைப்புகளை அமைக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் தெருவைக் கடந்துவந்து பார்த்துப் போகலாம். அடுத்த ஏழு வீடுகள், கைக்குழந்தைகளுடன் தனித்து வாழும் இளந்தாய்மாருக்கு 1996 முதல் அளிக்கப்பட்டன. அவர்கள் படிப்பை முடித்துத் தம் காலில் நிற்பதற்கு அங்கே உதவி கிடைக்கிறது. கறுப்பர் இனத் தம்பதியரான கிளாரன்ஸ் டூப்ரீயும் அன்னா டூப்ரீயும் 1939-இல் எழுப்பிய 'எல்டொராடோ' என்ற இசை மண்டபம் 1999-இல் இந்த ஸ்தாபனத்துக்கு நன்கொடையாக வந்தது. முற்றும் புதுப்பிக்கப்பெற்று 2023-இல் மீண்டும் திறக்கப்பட்டது. 22 வீடுகளோடு தொடங்கிய காரியம் ஐந்து தெருச் சதுரங்களில் 39 கட்டடங்களாகப் பெருகியது.

இதெல்லாம் கலையாகுமா, தர்ம கைங்கரியம் அல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். சமுதாயத்தையே உருவமைப்பதும் சிற்பத் தொழில்தான் என்று ஜெர்மனியின் ஜோஸப் பாய்ஸ் வாதித்தார். காஸல் நகரில் 7,000 மரங்களை நடும் வேலையை 1982-இல் தொடங்கி, அதையே தமது சிற்பம் என்றார். நம் தேசத்தாருக்கும் இக்கருத்து முற்றிலும் புதிதன்று. 1938-இல் ஹரிபுரா காங்கிரஸுக்காக, மகாத்மாவின் விருப்பப்படி, நந்தலால் போஸ் உழவரையும் தச்சரையும் தாய்மாரையும் தீட்டிப் பந்தல் முழுவதும் நிறுத்தவில்லையா? கலை மாளிகையை விட்டு இறங்கி வருவதால் அதன் தகுதி குறைவதில்லை. அமெரிக்காவின் புகழ்பெற்ற மக்ஆர்தர் பரிசு 2014-இல் ரிக் லோவுக்கு அளிக்கப்பட்டது இதற்குச் சான்று.

ஆனால் உண்மையான சோதனை வேறிடத்திலிருந்து வந்தது. கலை ஓரிடத்தை அழகு செய்தால், அவ்வழகைக் கண்டு பணம் படைத்தோர் அங்கே வருவர். மூன்றாவது வார்டோ நகரின் மையத்துக்கு மிக அருகில் இருப்பது. எந்த மனையில் எத்தகைய கட்டடம் எழலாம் என்று வட்டாரந்தோறும் வரையறுக்கும் சட்டம் பிற அமெரிக்கப் பெருநகரங்களில் உண்டு, ஹூஸ்டனில் இல்லை. ஆகவே சிறு வீடுகள் மறைந்து, செல்வர்க்குரிய அடுக்கு வீடுகள் முளைத்தன. நிலத்தின் மதிப்பு ஏற ஏற வரி ஏறுகிறது. வரி ஏற ஏற வாடகை ஏறுகிறது. உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தரப்பைச் சேர்ந்த டௌலிங் என்பவரின் பெயரைத் தாங்கியிருந்த அப்பகுதியின் பெருந்தெருவுக்கு, 2017-இல் 'விடுதலைச் சாலை' என்று பெயர் மாற்றினார்கள். தெருவுக்கு விடுதலையின் பெயர் வந்த காலத்திலேயே, விடுதலை பெற்றவர்களின் சந்ததியார் வாடகை தாளாமல் அத்தெருவை விட்டு வெளியேறும் நிலையும் வந்தது. இதைவிடக் கொடிய முரண்பாடு வேறென்ன இருக்க முடியும்?

இந்த வெள்ளத்தில் அந்த 22 வீடுகள் அடித்துச் செல்லப்படாமல் நின்றதற்குக் காரணம் சுவரின் வர்ணம் அன்று, மனைப் பத்திரம். வீடும் நிலமும் ஸ்தாபனத்துக்கே சொந்தமாயிருந்தமையால் விற்றுவிடும்படி எவரும் வற்புறுத்த முடியவில்லை. இதை உணர்ந்தே, குறைந்த வருவாயுடையோர்க்கு வாடகை வீடுகளைக் கட்டித் தருவதற்கென்று ஒரு துணை ஸ்தாபனத்தை 2003-இல் நிறுவினார்கள். ரைஸ் சர்வகலாசாலையின் கட்டடக்கலை மாணவர்களின் உழைப்பும் அப்பணிக்குக் கிடைத்தது. எனினும் ஸ்தாபனத்தின் எல்லைக்கு வெளியே உள்ள நிலத்தை அதனால் காக்க இயலவில்லை. எவ்வளவு காணி கைவசம் உண்டோ அவ்வளவுக்கே பாதுகாப்பு. இந்த வரம்பை மறைத்து அக்காரியத்தைப் புகழ்வது நேர்மையாகாது.

ஏழைகளின் தெருவை அழகு செய்யப் புறப்படும் கலைஞரும் ஊழியரும் தூரிகையைக் கையில் எடுக்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த மண் நாளைக்கு யாருடையதாக இருக்கும்? அதற்கு விடை தேடாமல் செய்யும் அழகுப்பணி, குடியிருப்போரை அகற்ற வருவோருக்குக் கம்பளம் விரித்ததாகவே முடியும். 1872-இல் காசு காசாகச் சேர்த்து 10 ஏக்கர் வாங்கிய அந்த முன்னாள் அடிமைகள் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தார்கள். பாட்டும் கூத்தும் கொண்டாட்டமும் நிலைக்க வேண்டுமானால், முதலில் நிற்பதற்குச் சொந்த மண் வேண்டும்.